பனையோலை எப்படி மண்ணாகிறது?



நீண்ட காலத்தின் பின் விடுவிக்கப்பட்ட தன் காணிக்குத் திரும்பும் ஒரு குடும்பம் முதலிற் செய்வது கிணற்றை எட்டிப் பார்ப்பது. அடுத்தது, வீடு இருந்த அத்திவாரத்தைத் தேடுவது. அதற்கடுத்தது, கத்தியும் கோடரியும் எடுத்துப் பற்றை வெட்டுவது. வலிகாமம் வடக்கில் 1990 ஆம் ஆண்டு விட்டுவந்த தோட்டக் காணிகள் பல, 20 ஆண்டுகளுக்கும் மேலாக மண்வெட்டி படாமற் கிடந்தவை. வெங்காயமும் மிளகாயும் விளைந்த இடத்தில் இபில் இபிலும் முட்பற்றையும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. வெட்டியவை மலைபோற் குவிகின்றன. அன்று மாலையே ஒரு தீக்குச்சி போதும், எல்லாம் சாம்பல். காணி வெளிச்சமாகிறது, மனமும் இலேசாகிறது.

அந்தப் புகையோடு மேலே போனது என்ன என்பதையே இந்த இதழில் நாம் பேச விரும்புகிறோம். அதற்கு முன் நாம் விட்ட ஒரு பிழையையும் சொல்லவேண்டும்.

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், எரிப்பது தவறு என்று நாம் பல தடவை கூட்டம் வைத்துச் சொல்லியிருந்தோம். "எரிக்கவேண்டாம், மண்ணுக்குள் தாழுங்கள், மண் வளமாகும்" என்பதே எமது அறிவுரை. ஒரு தாயார் அதை அப்படியே நம்பினார். கடன் வாங்கி வைக்கல் ஏற்றி வந்து, காய்ந்த சருகும் சேர்த்து, இரண்டு பரப்புக் காணியில் கொத்தித் தாழ்த்தார். அடுத்த கிழமையே வெங்காயம் நட்டார். மூன்றாம் கிழமை அவர் எம்மைத் தேடி வந்தார்.

"சுவாமி, நீங்கள் சொன்னபடிதான் தாட்டனான். வெங்காயம் எல்லாம் மஞ்சளடிச்சு நிக்குது. பக்கத்துக் காணிக்காரன் நெருப்பு வைச்சவன், அவன்ரை வெங்காயம் கறுப்பாய் நிக்குது."

அவர் சொன்னது முழு உண்மை. அவரிலும் பிழையில்லை, வைக்கலிலும் பிழையில்லை. அரைவாசி அறிவோடு பேசிய எம்மிலேதான் பிழை. மண்ணுக்குள் வைக்கலை உண்பது யார், அதற்கு என்னென்ன தேவை என்று முதலில் அறிந்த பின்னரே நாம் வாய் திறந்திருக்கவேண்டும். அதைப் பின்னர் கற்றோம். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒடியலும் ஓலையும்

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்து உண்கிறோம், ஒடியல் மாவிற் கூழ் காய்ச்சுகிறோம். ஆனால் பனையோலையை நாம் உண்பதில்லை. உண்டாலும் சமிக்காது. வியப்பு என்னவென்றால், இரண்டும் ஒரே பொருளாலானவை. கிழங்கிலுள்ள மாப்பொருளும் ஓலையிலுள்ள நாரும் குளுக்கோசு என்னும் சீனியின் சிறு துணிக்கைகள் சங்கிலிபோலக் கோத்து உண்டானவை. கோத்த விதமே வேறு. மாப்பொருளின் முடிச்சை எமது வயிற்றிலுள்ள நொதியங்கள் அவிழ்த்துவிடும். நாரின் முடிச்சை அவிழ்க்க எம்மிடம் நொதியம் இல்லை. இந்த நார்ப்பொருளையே செலுலோசு என்கிறோம்.

வைக்கல், ஓலை, சருகு, பருத்தித் துணி, கடதாசி எல்லாவற்றிலும் செலுலோசு உண்டு. பருத்தி ஏறக்குறைய முழுவதுமே செலுலோசு. தாவரங்கள் உண்டாக்கும் பொருட்களில் உலகில் மிக அதிகமாக இருப்பதும் இதுவே. ஆயிரக்கணக்கான சீனித் துணிக்கைகள் கொண்ட சங்கிலிகள் பல ஒன்றோடொன்று இறுகி, கயிற்றுப் புரிபோல நிற்பதாலேயே ஓலை மழைக்கும் வெயிலுக்கும் தாக்குப்பிடித்து வேலியாக நிற்கிறது.

அப்படியானால் மாடு வைக்கலைத் தின்று வாழ்வது எப்படி? உண்மையில் மாட்டாலும் செலுலோசைச் சமிக்கச் செய்ய முடியாது. அதன் முதல் இரைப்பையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணங்கிகளே அந்த வேலையைச் செய்கின்றன. மாடு அவற்றுக்கு இடமும் சூடும் ஈரமும் தருகிறது, அவை மாட்டுக்கு உணவு தருகின்றன. மண்ணும் அதே போன்றதொரு வயிறுதான்.

மண்ணுக்குள் ஒரு நாருண்ணி

மண்ணில் செலுலோசை உண்ணும் உயிர்கள் பல. பூஞ்சணங்கள் உண்டு, கறையான் உண்டு, பலவகைப் பற்றீரியாக்கள் உண்டு. அவற்றுள் தனித்தன்மை கொண்ட ஒன்றை இங்கு அறிமுகப்படுத்துகிறோம். அதன் பெயர் சைற்றோபாகா. கிரேக்க மொழியில் இதற்குக் 'கலத்தை உண்பது' என்று பொருள்.

இது மெல்லிய கோல் வடிவமான பற்றீரியா. நுனிகள் சற்று ஒடுங்கியிருக்கும், உடல் வளையக்கூடியது. ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் 2,000 பற்றீரியாக்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம், அவ்வளவு மெல்லியது. கூட்டமாகச் சேரும்போது மஞ்சள் நிறமாகத் தெரியும்.

நீந்தும் பற்றீரியாக்கள் பலவற்றுக்குச் சவுக்குப் போன்ற முளைகள் உண்டு. சைற்றோபாகாவுக்கு அப்படி எதுவும் இல்லை. இருந்தும் அது நகர்கிறது. ஏதாவதொரு மேற்பரப்பில் உடலைப் படியவைத்து வழுக்கிச் செல்கிறது. இதன் உறவுப் பற்றீரியா ஒன்றை ஆராய்ந்தவர்கள் அதன் விந்தையைக் கண்டுபிடித்துள்ளார்கள். அதன் உடலின் மேற்புறத்தில் ஒட்டும் தன்மையுள்ள புரத இழைகள் இருக்கின்றன. உடலுக்குள்ளிருக்கும் நுண்ணிய பொறி ஒன்று அவற்றை உடலைச் சுற்றிச் சுருளாக இழுத்துச் செல்கிறது. இழை நிலத்தைப் பற்றிக்கொள்ள, உடல் முன்னோக்கி நகர்கிறது. வேகம் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கூட இல்லை. ஆனால் நார் ஒன்றின் நீளத்துக்கு அது தாராளமாகப் போதும்.

பனையேறுபவர் மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சைற்றோபாகாவும் நாரின் நீளப்பாட்டுக்குத் தன் உடலைப் படியவைத்து, நாரை அணைத்தபடியே உண்கிறது. பூஞ்சணங்கள் பல தமது நொதியங்களை வெளியே கொட்டிவிடும், நார் கரைந்து வரும் சீனியை அயலில் நிற்கும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். சைற்றோபாகா அப்படியல்ல. நொதியத்தைத் தன் உடலோடு வைத்துக்கொண்டு, நாரைத் தொட்ட இடத்திலேயே உடைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. தொடாத நாரை அதனால் உண்ண முடியாது. ஆகவேதான் நகரும் ஆற்றல் அதற்கு உயிர்நாடியாக இருக்கிறது.

இதற்கு மூன்று விடயங்கள் வேண்டும். முதலாவது காற்று. ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் இது வேலை செய்யாது, அங்கே வேலை செய்பவை வேறு இனங்கள். இரண்டாவது ஈரம். மூன்றாவது நைதரசன். புளிப்பான மண்ணை இது விரும்புவதில்லை. நடுநிலையான அல்லது சற்றுக் காரத்தன்மையான மண்ணில், 30 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் நன்றாகப் பெருகும். சுண்ணாம்புக்கல்லின் மேற் படிந்த எமது செம்மண்ணும் எமது காலநிலையும் இதற்கு ஏற்றவை.

இதன் நெருங்கிய உறவினமான ஸ்போரோசைற்றோபாகா இன்னொரு திறமையும் கொண்டது. மண் காய்ந்து உணவும் தீர்ந்துபோனால், அது உருண்டு, தடித்த சுவர் கொண்ட ஒரு விதைபோல மாறிவிடும். அந்த நிலையில் வரட்சியைத் தாங்கிக் காத்திருக்கும். மழை வந்து நாரும் கிடைத்தால் மீண்டும் கோலாகி வேலையைத் தொடங்கும்.

கண்டவர்கள் கதை

இங்கிலாந்தில் றொதம்ஸ்ரெட் என்னும் இடத்தில் 1843 இல் தொடங்கிய ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம் உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே ஒரு கேள்வி எழுந்தது. பட்டி எரு போதாது, வைக்கலோ நிறைய உண்டு. மாடு இல்லாமலே வைக்கலை எருவாக்க முடியுமா? அதை ஆராய்ந்த ஹட்சின்சன், கிளேற்றன் என்னும் இருவரும் 1919 இல் மண்ணிலிருந்து இந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்து விபரித்தார்கள். வளைந்து நெளிவதைப் பார்த்து, சுருளிப் பற்றீரியாக்களின் இனமென்று எண்ணி அவ்வினப் பெயரையே வைத்தார்கள்.

அதன் சரியான இடத்தைக் கண்டு, சைற்றோபாகா ஹட்சின்சோனை என்ற இன்றைய பெயரை 1929 இல் வழங்கியவர் சேர்கெய் வினோகிராட்ஸ்கி. இவருடைய வாழ்க்கையை நீங்கள் அறிவது நல்லது. 1856 இல் கீவ் நகரிற் பிறந்தவர். மண் நுண்ணங்கியியலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். ரஷ்யப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் வந்தபோது நிலபுலம் அனைத்தையும் விட்டு வெளியேறி, சில காலம் பெல்கிறேட் நகரிற் புகலிடம் பெற்றார். 1922 இல் பிரான்சின் பஸ்ரர் நிறுவனம் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 66. இழந்த காணியை அவர் மீளப் பெறவில்லை. ஆனால் புதிய இடத்தில் மீண்டும் மண்ணைக் கையிலெடுத்து, இந்தப் பற்றீரியாவின் நடத்தையை எழுதும்போது அவருக்கு வயது 73.

றொதம்ஸ்ரெட்டின் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஹட்சின்சனும் றிச்சர்ட்ஸ் என்பவரும் 1921 இல் அதை வெளியிட்டார்கள். ஈரமும் காற்றும் கொடுத்தாலும் வெறும் வைக்கல் மெதுவாகவே உக்கும். 100 கிலோ வைக்கலுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ நைதரசன் சேர்த்தால் சில மாதங்களில் எருப்போல ஆகிவிடும். இந்தியாவில் இந்தூர் நகரிற் பணியாற்றிய அல்பேர்ட் ஹவார்ட் இரசாயன நைதரசனுக்குப் பதிலாகச் சாணத்தையும், மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணையும் பயன்படுத்திக் கூட்டெரு செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். வாட் என்னும் இந்திய அறிஞரோடு சேர்ந்து 1931 இல் அதை நூலாக்கினார். இன்று கூட்டெருப் பயிற்சிகளிற் சொல்லப்படும் பல விடயங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வெங்காயம் மஞ்சளடித்த காரணம்

இப்போது அந்தத் தாயாரின் தோட்டத்துக்குத் திரும்புவோம்.

ஒரு வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக உண்டு, கறிக்கு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அயல்வீட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பார்கள். வைக்கல் என்பது சைற்றோபாகாவுக்கு வெறும் சோறு. அதிலே காபன் நிறைய, நைதரசன் மிகக் குறைவு. வைக்கலில் ஒரு பங்கு நைதரசனுக்கு ஏறக்குறைய 80 பங்கு காபன் இருக்கிறது. பற்றீரியா தன் உடலைக் கட்டுவதற்கோ ஏறக்குறைய 5 பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் தேவை. உண்ட காபனில் ஒரு பகுதி மூச்சாக வெளியேறினாலும், மீதிக்கு ஏற்ற நைதரசன் வைக்கலில் இல்லை. எனவே மண்ணிலுள்ள நைத்திரேற்றையும் அமோனியாவையும் அது இழுத்து எடுக்கிறது. வெங்காயத்தின் வேரும் தேடுவது அதே உணவைத்தான். வேரை விடப் பற்றீரியாக்கள் விரைவானவை. பயிர் தோற்றுப்போகிறது, இலை மஞ்சளாகிறது.

பக்கத்துக் காணிக்காரர் நெருப்பு வைத்ததால் அவருடைய மண்ணில் இந்தப் போட்டி இருக்கவில்லை. சாம்பலிலிருந்த பொற்றாசியமும் பொசுபரசும் உடனே கிடைத்தன. அதனால் முதலாம் போகம் கறுப்பாக நின்றது. ஆனால் பற்றையிலிருந்த நைதரசனில் பெரும்பகுதியும், காபன் ஏறக்குறைய முழுவதும் புகையாய்ப் போய்விட்டன. இபில் இபில் இலையோ நைதரசன் நிறைந்தது. பயறும் அவரையும் போல வேர்முடிச்சு உள்ள மரம் அது. 20 ஆண்டுகளாகக் காற்றிலிருந்து பிடித்து எமக்காகச் சேர்த்து வைத்த நைதரசனை ஒரு மாலையிலே திருப்பி அனுப்புவதைத்தான் நாம் செய்கிறோம். அடுத்த போகத்துக்கு அவ்வளவையும் கடையிலே காசு கொடுத்து வாங்கவேண்டும்.

தாயாரின் வைக்கலும் வீண்போகவில்லை. நார் தீர்ந்ததும் பற்றீரியாக்கள் பசியால் இறக்கின்றன, அவற்றின் உடல்கள் உக்கி நைதரசன் மீண்டும் மண்ணுக்கு வருகிறது. இரண்டாம் போகத்தில் அந்த இரண்டு பரப்பிலும் அவர் பயறு விதைத்தார், நன்றாக நின்றது. ஆனால் கடனைக் கட்டவேண்டியிருந்தது முதலாம் போகத்தில். எமது பாதி அறிவுரையின் விலையைக் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறோம்.

முன்னோர் செய்தது

எமது பாட்டன்மார் இந்தப் பற்றீரியாவின் பெயரை அறிந்தவர்களல்லர். ஆனால் அதற்கு எப்படித் தீனி போடுவதென்று அறிந்திருந்தார்கள். புகையிலைத் தோட்டத்தில் பனையோலை தாழ்த்தபோது புதிதாக வெட்டிய ஓலையை அப்படியே தாழ்க்கவில்லை. ஓலை முதலில் வேலியாகவோ கூரையாகவோ நின்று, மழையிலும் வெயிலிலும் அடிபட்டுப் பழசான பின்னரே தோட்டத்துக்கு வந்தது. ஓலையில் செலுலோசை மூடி நிற்கும் இலிக்னின் என்னும் கடினப் பொருளைச் சைற்றோபாகாவால் உடைக்க முடியாது. அது பூஞ்சணங்களின் வேலை. வேலியில் நின்ற காலத்திலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது.

ஓலையோடு மாட்டெரு போட்டார்கள், ஆடு மாடுகளைத் தோட்டத்தில் பட்டி கட்டினார்கள். சாணமும் மூத்திரமும் நைதரசனாயின. பூவரசங் குழையும் காவிளாயும் தாழ்த்தார்கள், சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடித்து உழுதார்கள். சோற்றோடு கறியும் வைத்தார்கள் என்பதுதான் இதன் பொருள்.

1990களில் யூரியா போன்ற பசளைகளைக் குடாநாட்டுக்குள் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், இந்தப் பழைய வழக்கங்களே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது ஆடு மாடும் போயிற்று, வேலியும் போயிற்று, வழக்கமும் பாதி போயிற்று. 2021 மே மாதத்தில் அரசாங்கம் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. அதற்குள் பலருடைய விளைச்சல் விழுந்துவிட்டது. சேதனப் பசளை கெட்டது என்பது அதன் பாடமல்ல. நுண்ணங்கிக்குக் கட்டளையிட்டு ஒரே போகத்தில் வேலை வாங்க முடியாது, அதற்குக் காலம் கொடுக்கவேண்டும் என்பதே பாடம்.

கிணற்று நீரும் இதுவும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் மண்ணில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கியே எமது கிணறுகளுக்கு வருகிறது. மண் விரைவாக நீரை இறக்கிவிடுவது. அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மாரி மழையோடு கரைந்து அதே கிணற்றுக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளில் இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் பல இருப்பதை 1980கள் முதல் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நீரில் பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கு இரத்தம் ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

வெங்காயத்தை மஞ்சளாக்கிய அதே பற்றீரியா இங்கே எமக்கு நண்பனாகிறது. பயிர் இல்லாத காலத்தில் மண்ணில் எஞ்சியிருக்கும் நைத்திரேற்றை அது தன் உடலுக்குள் பிடித்து வைக்கும். பிடித்துவைத்தது மழையோடு ஓடாது. பின்னர் மெதுவாக வெளிவரும். ஆகவே மாரிக்கு முன் தரிசாகக் கிடக்கும் துண்டில் காய்ந்த சருகைத் தாழ்ப்பது மண்ணுக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. அதன் மேல் உடனே வெங்காயம் நடாமல் இருந்தாற் போதும். மருந்து நல்லதாயினும் வேளை தவறினால் நஞ்சு.

செய்யவேண்டியவை

முதலாவதாக, கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிப்படுத்தப்படாத காணியில் எதையும் வெட்டவோ, கொத்தவோ, எரிக்கவோ வேண்டாம். இதற்குப் பிறகே மற்றவை எல்லாம்.

வெட்டிய பற்றையைத் தரம் பிரியுங்கள். தடித்த தடிகள் விறகுக்கும் கதியாலுக்கும் ஆகும். இலையும் மென்தண்டும் எருவுக்கு. நோய் பிடித்த பயிரின் மிச்சத்தை மட்டும் எரிக்கலாம்.

கூட்டெருக் குவியலுக்கு நிழலான இடம் தெரிவுசெய்யுங்கள். அகலம் 5 அடி, உயரம் 4 அடி போதும். கீழே தடிகளைப் பரப்புங்கள், காற்று நுழையும். அதன் மேல் அரை அடிக்குக் காய்ந்தது: வைக்கல், சருகு, நறுக்கிய பழைய ஓலை. அதன் மேல் பச்சை: சீமைக்கிளுவை, இபில் இபில், பூவரசங் குழை. பின் சாணக் கரைசல் தெளித்து, ஒரு கைப்பிடி தோட்ட மண் தூவுங்கள். இப்படி அடுக்கடுக்காக எழுப்புங்கள்.

அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. 100 கிலோ காய்ந்த வைக்கலுக்கு றொதம்ஸ்ரெட்டில் கண்ட 0.7 கிலோ நைதரசன், ஏறக்குறைய 100 கிலோ பச்சைச் சீமைக்கிளுவை இலையில் இருக்கிறது. ஆகவே நிறைக்கு நிறை: காய்ந்தது எவ்வளவோ, பச்சையும் அவ்வளவு. சாணம் கிடைத்தால் இன்னும் நல்லது. குழை இல்லாத இடத்தில் 100 கிலோ வைக்கலுக்கு ஒன்றரைக் கிலோ யூரியாவைக் கரைத்துத் தெளிக்கலாம். அந்த நைதரசன் குவியலுக்குள்ளேயே பிடிபட்டிருக்கும்.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். கை நனையவேண்டும், நீர் ஒழுகக்கூடாது. மாரியில் ஓலையால் மூடுங்கள், கோடையில் நீர் தெளியுங்கள். சில நாளில் நடுப்பகுதி கைவைக்க முடியாத சூடாகும். அந்தச் சூட்டில் வேலை செய்பவை வேறு நுண்ணங்கிகள். சைற்றோபாகா போன்றவை சூடு குறைந்த ஓரங்களிலும் ஆறிய பின்னருமே பெருகும். மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் ஓரம் நடுவாகும், நடு ஓரமாகும், காற்றும் கிடைக்கும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் கறுத்து உதிரும் எரு கிடைக்கும். ஓலைத் துண்டு உக்காமல் நின்றால் அடுத்த குவியலுக்குப் போடுங்கள்.

நேரடியாகத் தாழ்ப்பதானால், காய்ந்ததைத் தாழ்த்த காணியில் முதற் பயிராகப் பயறோ உழுந்தோ சணலோ போடுங்கள். அவை தமக்குரிய நைதரசனைக் காற்றிலிருந்து தாமே தேடிக்கொள்ளும். வெங்காயமும் மிளகாயும் அதற்குப் பின்னர்.

துணிப் பரிசோதனை

உங்கள் மண் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பழைய பருத்தி வேட்டியிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டுகள் நான்கு வெட்டுங்கள். நைலோன் கலந்த துணி உதவாது. காணியின் நான்கு இடங்களில், ஒரு கை ஆழத்தில் புதைத்து, தடி நட்டு அடையாளம் வையுங்கள். மண் காயாமற் பார்த்துக்கொண்டு, ஆறு கிழமையின் பின் கிளறி எடுங்கள். துணி நைந்து பிய்ந்து வந்தால் அங்கே நாருண்ணிகள் வேலை செய்கின்றன. புதைத்தபடியே வந்தால், அந்த இடத்துக்கு எருவோ ஈரமோ காற்றோ போதாது. கனரக வாகனங்கள் ஓடி இறுகிய நிலத்திலும், மேல்மண் வழித்தெடுக்கப்பட்ட நிலத்திலும் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். எங்கே முதலில் எரு போடவேண்டும் என்பதைத் துணியே சொல்லும். பாடசாலைப் பிள்ளைகளை இதிற் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காணி இல்லாதோருக்கு

"எங்களுக்குக் காணி இன்னும் கிடைக்கவில்லை. குத்தகைக் காணிக்கு எரு போட்டு நாங்கள் என்ன காண்போம்?" என்று கேட்பவர்களையும் நாம் அறிவோம். நியாயமான கேள்வி. நாளை எழுப்பப்படலாம் என்ற நிலையில் இன்னொருவர் மண்ணை வளமாக்க மனம் வராது. இவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நிலத்தில் தாழ்க்கவேண்டாம், குவியலாகச் செய்யுங்கள். கூட்டெருவை உரப்பையிற் கட்டி எங்கும் கொண்டுபோகலாம். கத்தரியும் மிளகாயும் கீரையும் பையிலேயே வளர்க்கலாம். வேலிக்குச் சீமைக்கிளுவைக் கதியால் நடுங்கள். போகும்போது தடி வெட்டிக்கொண்டு போனால் புதிய வேலி உண்டாகும். நாருண்ணியை மட்டும் எங்கிருந்தும் சுமக்கவேண்டியதில்லை. உயிருள்ள தோட்ட மண்ணில் ஒரு பிடி எடுத்தாலே போதும், அது பெருகிக்கொள்ளும்.

அந்தத் தாயார் இப்போது பற்றை வெட்டும் அயலவரிடம் போய், எரிக்கப்போகும் இலையைக் கேட்டு வாங்கி வருகிறார். தம் வீட்டின் பின்னால் மூன்று குவியல் வைத்திருக்கிறார். கடைசியாகப் போனபோது ஒரு குவியலைக் கிளறி, உக்கிய ஓலைத் துண்டு ஒன்றை எடுத்து எமது கையிலே தந்தார். விரலால் நசித்ததும் பொடியாகிப் போயிற்று.

"இப்ப நடலாம் சுவாமி," என்றார்.